பாய்காட் துரை

மனிதன் தன் பெயர் நிலைக்க வேண்டும் என்று என்னவெல்லாமோ செய்கிறான். சத்திரம் கட்டுகிறான், குளம் வெட்டுகிறான், கோயில் படிக்கட்டில் தன் பெயரைச் செதுக்கி வைத்து, வருகிறவர் போகிறவர் எல்லாம் மிதிக்கும்படி செய்துகொள்கிறான். எழுத்தாளனாக இருந்தால் புத்தகம் போடுகிறான். ஆனால் அகராதிக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொள்கிற பாக்கியம் லட்சத்தில் ஒருவருக்குக் கிடைப்பதுகூடச் சந்தேகந்தான்.

ஆங்கில அகராதியில் அப்படி உட்கார்ந்திருப்பவர்கள் சிலர் உண்டு. சாண்ட்விச் பிரபுவின் பெயரை நாம் தின்கிறோம். கார்டிகன் பிரபுவின் பெயரைக் குளிருக்குப் போட்டுக்கொள்கிறோம். ரோடு போடுவதில் புதிய முறை கண்ட மக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் பெயர்மீது வண்டி ஓட்டுகிறோம். இவர்களெல்லாம் பெயர்ச்சொற்கள். பண்டமாகவோ துணியாகவோ ரோடாகவோ சாதுவாக இருந்துவிட்டார்கள். வினைச்சொல்லாக மாறியவர்கள் மிகவும் குறைவு. அந்தக் குறைவானவர்களிலும், அந்த மாற்றத்தைத் தம் கண்ணாலேயே பார்த்து, தம் பெயரை வைத்து ஊரார் மற்றவர்களை மிரட்டுவதைக் காதாலேயே கேட்டு, அதற்குப் பிறகும் பதினேழு வருஷங்கள் உயிரோடிருந்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் பாய்காட்.

பள்ளிக்கூடப் பையன்கள்கூட 'பாய்காட் பண்ணுவோம்' என்று சொல்கிறார்கள். பொருள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது ஒரு மனிதனுடைய பெயர் என்பதும், அவருக்கு ஒரு மனைவி இருந்தாள், குதிரைகள் இருந்தன, அறுக்கப்படாமல் நின்ற பயிர் இருந்தது என்பதும் பலருக்குத் தெரியாது. கதை எழுதிப் பிழைக்கிற என் போன்றவனுக்கு அந்த மனிதர்மீது ஓர் ஆசை. சொல்லுக்குப் பின்னால் போய் அவரைப் பார்த்துவிட்டு வரலாம், வாருங்கள்.

ஐயர்லாந்துக்குப் போக வேண்டும். அதன் மேற்குக் கரையில் மேயோ என்று ஒரு ஜில்லா. கல்லும் சதுப்பும் மழையும் நிறைந்த பூமி. 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்ததே, அதில் ஐயர்லாந்து முழுவதிலும் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறிப் போய்விட்டார்கள். மிகவும் அடிபட்ட ஜில்லாக்களில் மேயோவும் ஒன்று. நிலம் உழுகிறவனுக்குச் சொந்தமில்லை. சொந்தக்காரர்களான பிரபுக்கள் எங்கோ வேறு மாளிகையில் இருந்தார்கள்; பலர் அந்த நிலத்தைக் கண்ணால் பார்ப்பதுகூட அபூர்வம். குத்தகை வசூலிக்க ஒரு காரியஸ்தர் இருப்பார். குத்தகை கட்ட முடியாதவனுக்குக் கோர்ட்டு அமீனா நோட்டீசு கொண்டு வருவான். பிறகு போலீசு வரும். பானை சட்டிகள் தெருவுக்கு வரும். நம் ஊர் ஜமீன்களைப் பார்த்தவர்களுக்கு இதை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மேயோ ஜில்லாவில் 1846-ல் மைக்கேல் டேவிட் என்று ஒரு குழந்தை பிறந்தது. நாலு வயசில், அதன் குடும்பத்தைக் குத்தகை பாக்கிக்காக வீட்டிலிருந்து வெளியே தள்ளினார்கள். இங்கிலாந்தில் பஞ்சாலை வேலைக்குப் போன அந்தப் பையன், பதினோராவது வயசில் யந்திரத்தில் வலது கையைப் பறிகொடுத்தான். பெரியவனானதும் ராஜத்துரோக வழக்கில் சிக்கி ஏழு வருஷம் சிறையில் இருந்தான். வெளியே வந்தவன் தன் ஜில்லாவுக்குத் திரும்பி வந்து, உழவர்களைத் திரட்ட ஆரம்பித்தான். 1879-ல் விளைச்சல் மறுபடியும் பொய்த்தது. அந்த வருஷம் அக்டோபரில் டப்ளினில் நிலச் சங்கம் பிறந்தது. டேவிட்டின் யோசனை, தலைவராக வந்தவர் பார்னெல். அதே 1846-ல் பிறந்தவர்தான். ஆனால் இவர் கை இழந்த கூலியல்ல. தாமே நிலப்பிரபு, புராட்டஸ்டண்டு, பார்லிமெண்டு மெம்பர். ஒற்றைக் கை ஏழையும் மிராசுதாரரும் ஒரே மேடையில் நின்றார்கள். சரித்திரம் சில சமயம் நாவலாசிரியனைவிடத் துணிச்சலாகப் பாத்திரங்களைச் சேர்த்துவிடுகிறது.

இனி நம்முடைய கதாநாயகரைப் பார்க்கலாம். சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட், 1832-ல் இங்கிலாந்தில் நார்ஃபோக் ஜில்லாவில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். பிறந்தபோது குடும்பப் பெயர் பாய்காட் அல்ல. 'பாய்கேட்' என்று வேறு எழுத்துக் கூட்டி எழுதி வந்தார்கள். பையனுக்கு ஒன்பது வயசாக இருக்கும்போது தகப்பனார் அதில் ஓர் எழுத்தை மாற்றினார். எதற்காக மாற்றினாரோ, அந்த ஓர் எழுத்து பின்னால் உலகத்துப் பாஷைகளிலெல்லாம் ஏறப் போகிறது என்று அந்தப் பாதிரியார் சொப்பனத்திலும் நினைத்திருக்க மாட்டார்.

சார்லஸ் பட்டாளத்தில் பணம் கட்டி உத்தியோகம் வாங்கினார். அந்தக் காலத்தில் அப்படி வாங்கலாம். சில வருஷத்தில் அதை விட்டுவிட்டார். அவர் காப்டன் பதவிக்கு உயரவே இல்லை. ஆனால் ஊரார் 'காப்டன்' என்றார்கள், அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் ஊரில் ஸப் மாஜிஸ்டிரேட் கோர்ட்டுக் குமாஸ்தாவை 'ஐட்ஜ் ஐயா' என்று கூப்பிட்டால் அவர் திருத்துவாரா? ஐயர்லாந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, அங்கேயே நிலம் பிடித்துப் பயிர் செய்தார். பிறகு மேயோவில், மாஸ்க் ஏரிக்கரையில், எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக அமர்ந்தார். எர்ன் பிரபு வேறு ஜில்லாவில் பெரிய கோட்டையில் வசிப்பவர். வசூலில் நூற்றுக்குப் பத்து பாய்காட்டுக்கு.

அவர் பெரிய கொடுமைக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். கதையில் வில்லனாகப் போட்டால் சோபிக்க மாட்டார். குதிரைப் பந்தயப் பிரியர், உழைப்பாளி, கண்டிப்பான பேர்வழி. ஆனால் சின்ன விஷயங்களில் கஞ்சத்தனமான கண்டிப்பு. எவனாவது வேலிக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் அபராதம். எவள் வீட்டுக் கோழியாவது அவருடைய நிலத்தில் மேய்ந்தால் அபராதம். தோட்டத்தில் விறகு பொறுக்கிக்கொள்ளும் பழைய வழக்கத்தையும் நிறுத்தினார். மனிதர்கள் பெரிய அநியாயத்தை மன்னித்தாலும் மன்னிப்பார்கள். கோழிக்கு அபராதம் போட்டவனை மன்னிக்க மாட்டார்கள். இதை நான் ஐயர்லாந்துக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

1880-ம் வருஷம். விளைச்சல் மோசம் என்பதனால் பிரபு குத்தகையில் நூற்றுக்குப் பத்து தள்ளிக் கொடுத்தார். ஜனங்கள் இருபத்தைந்து கேட்டார்கள். பிரபு மறுத்தார். பாக்கி வைத்தவர்களை வெளியேற்ற நோட்டீசு தயாராயிற்று.

அந்தச் செப்டம்பர் 19-ந் தேதி, என்னிஸ் என்ற ஊரில் பெரிய கூட்டம். பார்னெல் பேசினார். அண்டை வீட்டுக்காரனை வெளியேற்றிவிட்டு ஏலத்துக்கு விடும் நிலத்தைப் போட்டி போட்டு எடுக்கிறானே, அப்படிப்பட்டவனை என்ன செய்யலாம் என்று கூட்டத்தைக் கேட்டார். 'சுட்டுத் தள்ளு!' என்று குரல்கள் எழும்பின. அந்த நாட்டில் அது வெறும் வாய்ச்சொல்லும் அல்ல. பார்னெல் நிதானமாக, அதைவிட நல்ல வழி, கிறிஸ்தவ தர்மத்துக்கு ஏற்ற வழி ஒன்று இருக்கிறது என்றார். பாவி மனந்திருந்தவும் அதில் இடமிருக்கிறது என்றார். சாலையில் கண்டால் பேசாதே. கடையில் கண்டால் பேசாதே. சந்தையிலும் சரி, மாதாகோவிலிலும் சரி, அவனைத் தனியே விட்டுவிடு. பழங்காலத்தில் குஷ்டரோகியை ஒதுக்கியது போல ஒதுக்கு. அப்புறம் பார், எத்தனை வெட்கங்கெட்டவனானாலும் தாங்க மாட்டான் என்றார்.

அவர் சொன்னது நிலம் எடுக்கிற குடியானவனைப் பற்றி. ஆனால் அந்த யோசனை மூன்று நாளில் மாஸ்க் ஏரிக்கரைக்கு வந்து, காரியஸ்தரின் வீட்டு வாசலில் நின்றது.

செப்டம்பர் 22-ந் தேதி அமீனா போலீசோடு நோட்டீசு கொடுக்கக் கிளம்பினான். பதினொரு வீடு. மூன்று வீட்டில் கொடுத்தான். அதற்குள் செய்தி பரவி, பெண்பிள்ளைகள் திரண்டுவிட்டார்கள். கல்லும் சேறும் எருவும் பறந்தன. அமீனாவும் போலீசும் பாய்காட் வீட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். மறுநாள் ஒரு கூட்டம் வந்து, அவரிடம் வேலை செய்கிறவர்களையெல்லாம் வேலையை விட்டுப் போகச் சொன்னது. சிலர் மனசாரப் போனார்கள். சிலர் பயந்து போனார்கள். இந்த இரண்டாவது ரகத்தையும் நாம் மறக்கக்கூடாது.

அதற்குப் பிறகு நடந்ததை, பாய்காட்டே லண்டன் டைம்ஸுக்குக் கடிதமாக எழுதினார். அக்டோபர் 18-ந் தேதி அது வெளியாயிற்று. கொல்லன் குதிரைக்கு லாடம் அடிக்க மாட்டேன் என்கிறான். சலவைக்காரி துணி எடுக்க மறுக்கிறாள். கடைக்காரர்கள் சாமான் கொடுப்பதில்லை. தபால்காரப் பையனை மிரட்டியிருக்கிறார்கள். வேலிகள் பிரிந்து கிடக்கின்றன. மாடுகள் ரோட்டில் திரிகின்றன. பயிர் நிலத்தில் அழுகிறது, அறுக்க ஆளில்லை. கடிதத்தின் சாராம்சம் இவ்வளவுதான். கூடத் தங்கியிருந்த சிறுவன் ஒருவன், அவருடைய உறவுப் பையன், 'நான் போய்த் தபால் வாங்கி வருகிறேன்' என்று கிளம்பினான். அவனையும் வழியில் மறித்து, இனி வந்தால் ஆபத்து என்று சொல்லியனுப்பினார்கள். காப்டனும் மனைவியும் குடும்பத்தாரும் தாங்களே மாட்டுக்குத் தீனி போட்டு, தாங்களே வயலில் இறங்கினார்கள். சாப்பாட்டுச் சாமான் ஏரியில் படகு வழியாக வந்தது. ஒருவரும் அவர்மேல் ஒரு விரலும் வைக்கவில்லை. ஆனால் அவருக்கு அந்த ஊர் இல்லாமற் போய்விட்டது.

இதற்குப் பெயர் வேண்டாமா? அமெரிக்காவிலிருந்து ஜேம்ஸ் ரெட்பாத் என்ற பத்திரிகை நிருபர் வந்திருந்தார். அந்தப் பக்கத்துப் பங்குப் பாதிரியார் ஜான் ஓமாலியோடு அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிருபருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன விஷயம் என்று பாதிரியார் கேட்டார். 'ஜனங்கள் ஒரு நிலப்பிரபுவையோ காரியஸ்தனையோ ஒதுக்கி வைத்தால் அதை ஆஸ்ட்ரஸைஸ் என்று எழுதலாம். ஆனால் அந்தப் படிப்பாளிச் சொல் உங்கள் குடியானவர்களுக்குப் புரியாதே' என்றார் ரெட்பாத். பாதிரியார் நெற்றியைத் தட்டி யோசித்தார். 'அவனைப் பாய்காட் செய்வது என்று சொன்னால் எப்படி?' என்றார். இது ரெட்பாத் தாமே பின்னால் எழுதி வைத்த விவரம். நவம்பர் 20-ந் தேதிக்குள் லண்டன் டைம்ஸே வேறோர் ஊரில் நடந்த ஒதுக்கலுக்கு அந்தச் சொல்லை உபயோகித்துவிட்டது. இரண்டே மாசத்தில் மனிதர் சொல்லாகிவிட்டார்.

ரெட்பாத் ஒதுக்கிய அந்தப் படிப்பாளிச் சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. பழைய ஆதென்ஸ் நகரத்தில், யாராவது ஒருவன் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டான் என்று ஜனங்களுக்குத் தோன்றினால், உடைந்த ஓட்டுச் சில்லில் அவன் பெயரைக் கீறிப் போடுவார்கள். ஆறாயிரம் சில்லு சேர்ந்தால் காரியம் ஆயிற்று. பத்து வருஷம் ஊருக்குள் வரக்கூடாது. நேர்மைக்குப் பெயர் போன அரிஸ்டைடிஸ் என்பவரை அப்படி வெளியேற்றியபோது, எழுதத் தெரியாத ஒருவன் அவரிடமே வந்து, அவர் யார் என்று அறியாமல், 'அரிஸ்டைடிஸ் என்று எழுதிக் கொடு' என்றானாம். 'அவன் உனக்கு என்ன தீங்கு செய்தான்?' என்று கேட்டாராம். 'ஒன்றுமில்லை. நீதிமான், நீதிமான் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டு அலுத்துவிட்டது' என்றானாம். அவர் பேசாமல் எழுதிக் கொடுத்தார். புளூடார்க் சொல்லும் கதை. ஊர் கூடி ஒருவனைத் தள்ளிவைக்கிறபோது, கையிலிருக்கிற சில்லுகளில் இப்படியும் ஒன்று கலந்திருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

பாய்காட்டின் பயிரைக் காப்பாற்ற, அல்ஸ்டர் பகுதியிலிருந்து ஐம்பது பேர் தொண்டர்களாக வந்தார்கள். காவான், மானகன் ஜில்லாக்காரர்கள். பிரபுக்கள் கட்சியைச் சேர்ந்தவர்கள். அவர்களைக் காக்க சர்க்கார் பட்டாளத்தையும் போலீசையும் அனுப்பியது. சுமார் ஆயிரம் பேர். நவம்பர் மாசத்து மழை. வண்டி கொடுக்க ஆளில்லாததால் பதினைந்து மைலுக்குமேல் சேற்றில் நடந்து வந்தார்கள். வந்தவர்கள் காப்டனுடைய நிலத்திலேயே கூடாரம் அடித்தார்கள். இரண்டு வாரம் உருளைக்கிழங்கையும் டர்னிப் கிழங்கையும் தோண்டினார்கள், கதிர் அடித்தார்கள். அடிதடி நடக்கும் என்று பத்திரிகைக்காரர்கள் காத்திருந்து ஏமாந்து போனார்கள். 'ஒருவனும் அவர்கள் கண்ணில் படக்கூடாது' என்று ஓமாலி பாதிரியார் ஜனங்களிடம் சொல்லி வைத்திருந்தார். பட்டாளம் திரும்பிப் போகும்போது ரோட்டில் ஒரே ஒரு கிழவி நின்றாளாம். பாதிரியார் அவளிடம் போய், 'ராணுவத்தைப் பயமுறுத்தக்கூடாது என்று உனக்குச் சொன்னேனா இல்லையா?' என்று கோபித்துக்கொண்டாராம். அந்தப் பக்கத்தில் இப்படி ஒரு கதை சொல்வார்கள்.

கணக்குப் பார்த்தால், சுமார் ஐந்நூறு பவுன் பெறுமான பயிரை எடுக்கப் பத்தாயிரம் பவுன் செலவாகியிருந்தது. ஒவ்வொரு டர்னிப் கிழங்குக்கும் ஒரு ஷில்லிங் என்று பார்னெல் கேலி செய்தார்.

நவம்பர் 27-ந் தேதி பாய்காட் வீட்டை விட்டுக் கிளம்பினார். வண்டி ஓட்டக்கூட ஒருவரும் வரவில்லை. பட்டாளத்து ஆம்புலன்ஸ் வண்டியில், சிப்பாய் ஓட்ட, மனைவியோடு போனார். டப்ளினில் ஹோட்டலில் தங்கினார். 'இவரை வைத்துக்கொண்டால் உன் ஹோட்டலையும் பாய்காட் செய்வோம்' என்று ஹோட்டல்காரருக்குக் கடிதம் வந்தது. தம் பெயராலேயே தமக்கு இடமில்லாமற் போன மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். டிசம்பர் முதல் தேதி இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார்.

அவர் போனார், பெயர் போகவில்லை. பிரெஞ்சுக்காரன் எடுத்துக்கொண்டான்; ஜெர்மானியன் எடுத்துக்கொண்டான்; ருஷ்யனும் ஜப்பானியனும் எடுத்துக்கொண்டார்கள். அர்த்தமும் அகலித்தது. முதலில் மனிதனை ஒதுக்குவது. பிறகு பண்டத்தை ஒதுக்குவது. பிறகு தேர்தலை, சபையை, பந்தயத்தை ஒதுக்குவது. அந்தச் சொல் பிறந்து சரியாக நூறு வருஷம் கழித்து, 1980-ல், மாஸ்கோ ஒலிம்பிக் பந்தயத்தையே பல தேசங்கள் பாய்காட் செய்தன. கோழிக்கு அபராதம் போட்ட காரியஸ்தரின் பெயர் எங்கே, ஒலிம்பிக் எங்கே!

நம் தேசத்துக்கு அந்தச் சொல் பெரிய கம்பீரத்தோடு வந்தது. வங்காளத்தைத் துண்டு போடுவதை எதிர்த்து, 1905 ஆகஸ்டு 7-ந் தேதி கல்கத்தா டவுன் ஹாலில் கூடி, அந்நியத் துணியைப் பாய்காட் செய்வதென்று தீர்மானம் போட்டார்கள். நம்மவர்கள் அதற்கு 'பகிஷ்காரம்' என்று பெயரிட்டார்கள். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் வந்தது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளிகளோடு நின்றார்கள். ஊரும் அவர்களோடு நின்றது. வெள்ளைக்காரனுக்கும் அவன் பக்கம் பேசியவர்களுக்கும் நாவிதர் க்ஷவரம் செய்ய மறுத்தார். சலவைத் தொழிலாளி துணி எடுக்க மறுத்தார். மாஸ்க் ஏரிக்கரைக் கொல்லனும் சலவைக்காரியும் தூத்துக்குடிக்கு வந்துவிட்ட மாதிரி இல்லையா? கூலி உயர்ந்து வேலைநிறுத்தம் முடிந்தது. அந்த மார்ச்சு மாசமே வ.உ.சி.யும் சிவாவும் கைதானதும், பிறகு நடந்ததும் நீங்கள் அறிந்தவை.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் சௌகரியமாக இருக்கும். எளியவன் கையில் ஓர் ஆயுதம். ரத்தம் சிந்தாத ஆயுதம். ஐயர்லாந்தில் பிறந்து தூத்துக்குடி வரை வந்தது என்று மங்களம் பாடிவிடலாம். ஆனால் 'பகிஷ்காரம்' என்ற நம்முடைய சொல் அப்படி முடிக்க விடாது.

ஆங்கிலச் சொல்லுக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். நம் சொல்லுக்குள் மனிதர் இல்லை. ஒரு திசைதான் இருக்கிறது. 'பகிஸ்' என்றால் வெளியே. வெளியே ஆக்குவதுதான் பகிஷ்காரம். அது 1905-ல் பிறந்ததல்ல. காப்டன் பாய்காட்டின் பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கு முன்பே நம் கிராமங்களுக்கு அது தெரியும். தண்டோரா போட்டு, 'இன்னாருக்கு நெருப்பும் தண்ணீரும் கொடுக்கக் கூடாது' என்று சொல்வார்கள். கிணறு இல்லை, கடை இல்லை, நல்லது கெட்டதுக்கு ஆள் இல்லை, செத்தால் தூக்க நாலு பேர் இல்லை. ஜாதி விட்டுக் கல்யாணம் செய்தவனுக்கு அது நடந்தது. விதவைக்கு மறுமணம் செய்து வைத்த தகப்பனுக்கு நடந்தது. சமுத்திரம் தாண்டிப் படிக்கப் போனவனுக்கு நடந்தது. இவர்களாவது ஏதோ ஒன்றைச் செய்தார்கள். ஒன்றுமே செய்யாமல், பிறந்ததற்காகவே, ஊருக்கு வெளியே சேரியில் வைக்கப்பட்டவர்களுக்கு அது தலைமுறை தலைமுறையாக நடந்தது.

டாக்டர் அம்பேத்கர் 1924-ல் பம்பாயில் ஒரு சபை ஆரம்பித்தார். அதற்குப் 'பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை' என்று பெயர். 1927-ல் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அதன் பெயர் 'பகிஷ்கிருத பாரதம்'. அதாவது, விலக்கப்பட்டவர்களின் பாரதம். நாமெல்லாம் எந்தச் சொல்லை வெள்ளைக்காரனுக்கு எதிராகப் பெருமையோடு ஏந்தினோமோ, அதே சொல் இன்னொருவருடைய முதுகில் தழும்பாக இருந்தது. அந்த 1927 மார்ச்சில் மகாத் என்ற ஊரின் பொதுக்குளத்தில் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் தண்ணீர் குடித்தார்கள். அதற்காக அடிபட்டார்கள். அடி ஒரு நாளில் ஆறிவிடும். கிராமத்தில் வேலை இல்லை, கடையில் சாமான் இல்லை, நடக்கப் பாதை இல்லை என்றால் எப்படி ஆறும்? வட்டமேஜை மகாநாட்டுக்குக் கொடுத்த கோரிக்கையில், இப்படிச் சமூக பகிஷ்காரம் செய்வதைக் குற்றமாக்கிச் சட்டம் வேண்டும் என்று அவர் கேட்டார். பர்மாவில் 1922-ல் போட்ட ஒரு பகிஷ்காரத் தடைச் சட்டத்தையே மாதிரியாக எடுத்துக் காட்டினார். தாழ்த்தப்பட்டவர்களை நசுக்குவதற்கு இதைவிடக் கூர்மையான ஆயுதம் இல்லை, பகிரங்கமான பலாத்காரம்கூட இதன்முன் வெளிறிப் போகும் என்பது அவருடைய கருத்து. அவர் கேட்டது கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், சமூக பகிஷ்காரமும் பொருளாதார பகிஷ்காரமும் குற்றம் என்ற வாசகம் 2015-ல் செய்த திருத்தத்தில்தான் வந்தது.

வெளித் தேசத்திலும் இந்த மறுபக்கம் உண்டு. 1933 ஏப்ரல் முதல் தேதி, ஜெர்மனியில் யூதர்களுடைய கடைகளின் வாசலில் நாஜித் தொண்டர்கள் நின்றுகொண்டு, உள்ளே போகாதே என்று தடுத்தார்கள். அதற்கும் அவர்கள் இட்ட பெயர் பாய்காட்தான்.

இந்தக் குழப்பம் ஒரு பெரிய மனிதருக்கு வந்தது. 1955 டிசம்பரில், அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரத்து நீக்ரோ மக்கள், பஸ்ஸில் தங்களைப் பின்னால் உட்கார வைப்பதை எதிர்த்து, பஸ்ஸிலேயே ஏறுவதில்லை என்று தீர்மானித்தார்கள். 381 நாள் நடந்தே போனார்கள், ஜெயித்தார்கள். அதைத் தலைமை தாங்கி நடத்திய மார்ட்டின் லூதர் கிங், தொடங்குவதற்கு முன்பு தனியே உட்கார்ந்து யோசித்தார். கறுப்பர்களை ஆதரிக்கிறவர்களின் வேலையையும் வியாபாரத்தையும் கெடுக்க வெள்ளையர் சங்கங்களும் இதே முறையைத்தானே கையாளுகின்றன, நாம் செய்வதும் அதுவாகிவிடாதா என்று கேட்டுக்கொண்டார். கடைசியில், நாம் பஸ் கம்பெனியை ஒழிக்கப் போவதில்லை, தீமையோடு ஒத்துழைக்க மறுக்கப் போகிறோம் என்று தெளிந்தார். அதற்குப் பிறகு பாய்காட் என்ற சொல்லைத் தாம் அநேகமாக உபயோகிப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

அவர் தேடிய வித்தியாசத்தை நமக்குப் புரிகிற மாதிரி சொல்வதானால், எனக்கு இரண்டு கேள்விகள் தோன்றுகின்றன. முதலாவது: ஒதுக்கப்படுகிறவன் தன் செய்கையை மாற்றிக்கொண்டால் திரும்பி வர வழி இருக்கிறதா? பாய்காட்டுக்கு இருந்தது. நோட்டீசைக் கிழித்துப் போட்டிருந்தால் மறுநாள் கொல்லன் வந்திருப்பான். பஸ் கம்பெனிக்கு இருந்தது. தூத்துக்குடி மில் துரைக்கு இருந்தது. யூதக் கடைக்காரன் எதை மாற்றிக்கொள்வான்? சேரியில் பிறந்தவன் எதை மாற்றிக்கொள்வான்? இரண்டாவது: அவனுக்குப் போக்கிடம் இருக்கிறதா? பாய்காட்டுக்கு ஏரியில் படகு இருந்தது, ஆயிரம் பேர் பட்டாளம் வந்தது, லண்டன் டைம்ஸ் கடிதத்தை அச்சிட்டது, கப்பல் காத்திருந்தது. ஊர்க்கட்டு விழுந்த ஏழைக்கு எந்தப் பட்டாளம் வருகிறது?

இந்த இரண்டு கேள்விக்கும் 'இல்லை' என்பது பதிலானால், அந்தப் பகிஷ்காரத்தைப் பகிஷ்கரிப்பதுதான் மனுஷத்தனம்.

'ஆம்' என்று பதில் வந்தாலும், மனசு முழுக்க நிம்மதியாகிவிடுவதில்லை. ஐயர்லாந்து உழவனுக்கு நியாயம் கிடைத்தது. 1881-லேயே குத்தகையை நியாயமாக நிர்ணயிக்கச் சட்டம் வந்தது. பிறகு படிப்படியாக நிலமே உழுதவன் கைக்கு வந்தது. பாய்காட்டுக்கு நேர்ந்த அவமானம் அதற்குக் கொடுத்த விலை என்றால் மலிவான விலைதான். ஆனால் ஏரிக்கரையில் தபாலுக்குப் போய் மறிக்கப்பட்ட அந்தப் பையன் யாருக்கும் நோட்டீசு கொடுக்கவில்லையே. பயந்து வேலையை விட்ட கூலிக்காரனுக்கு அந்த வாரக் கூலியை யார் கொடுத்திருப்பார்கள்? நியாயமான பகிஷ்காரத்திலும் ஓரத்தில் இப்படி இரண்டொருவர் நசுங்குகிறார்கள். நசுங்கியவர்களின் பெயர் எந்த அகராதியிலும் ஏறுவதில்லை.

பார்னெலின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். என்னிஸில் பேசிப் பத்து வருஷம் கழித்து, 1890-ல், ஒரு விவாகரத்து வழக்கில் அவர் பெயர் அடிபட்டது. அவருடைய கட்சி இரண்டாகப் பிளந்து, பெரும்பகுதி அவரைக் கைவிட்டது. பாதிரிமார்கள் கைவிட்டார்கள். தலைவனாகக் கொண்டாடிய ஊர்களிலேயே அவர்மேல் சேறு விழுந்தது. 1891 அக்டோபரில், நாற்பத்தைந்தாவது வயசில் செத்துப்போனார். சாலையிலும் சந்தையிலும் மாதாகோவிலிலும் ஒதுக்கச் சொன்னாரே, அந்த ஒதுக்கல் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாமல் போகவில்லை.

காப்டன் பாய்காட்டுக்கு அவ்வளவு சோகமான முடிவு இல்லை. நஷ்டஈடு கேட்டு சர்க்காருக்கு எழுதினார்; கிடைக்கவில்லை. 1881-ல் அமெரிக்காவுக்குப் போனபோது, பாய்காட் என்ற பெயரை விட்டுவிட்டு, கன்னிங்ஹாம் என்று சொல்லிக்கொண்டு போனார், பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த வருஷமே மாஸ்க் ஏரிக்கரைக்குத் திரும்பியும் வந்தார். காலப்போக்கில் ஊர் சூடு ஆறியது. 1886-ல் இங்கிலாந்தில் ஸஃபோக் ஜில்லாவில் வேறொரு பிரபுவின் நிலத்துக்குக் காரியஸ்தராகப் போய், 1897-ல் காலமானார்.

ஆனால் அதற்கு முன்பு, ஓய்வு நாட்களைக் கழிக்க அவர் ஐயர்லாந்துக்குத்தான் வந்துகொண்டிருந்தாராம். தம்மைத் தள்ளிவைத்த அதே தேசத்துக்கு. தள்ளிவைக்கப்பட்டவனும் திரும்பி வந்து சாலையில் நடக்கலாம், நாலு பேர் முகம் பார்க்கலாம் என்று இருந்தது அந்த ஊர். நம் கிராமங்களில் எத்தனை பேருக்கு அப்படித் திரும்பி வர வாய்த்தது?